சித்தமும் தபால்பெட்டியும்

என் அப்பா தவசிமுத்து 1998ஆம் வருடம் பிப்ரவரியில் இறந்தார். அடக்க ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பை என் தாய்மாமா கிறிஸ்துராஜ் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் சபை வழக்கப்படி பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, உத்தியோகம், பிள்ளைகள், கடைசியில் இரண்டு வரிப் புகழ்ச்சி, அவ்வளவுதான் வேண்டும். மாமா இரண்டு வரியோடு நிற்கிற ஆளா? இரண்டு பக்கம் எழுதியிருந்தார். "அன்னார் தம் வாழ்நாள் முழுவதையும் தேவ சித்தத்துக்கே ஒப்புக்கொடுத்திருந்தார்" என்று போதகர் வாசித்தபோது, பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்தேன். அழுகிறேன் என்று நினைத்து அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்தக் குறிப்பில் தேதிகள் எல்லாம் சரி. மற்றதை நான் சொல்கிறேன்.

அப்பா இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டர். மெஷின்களுக்கு எண்ணெய் விடுவது, தேய்ந்ததை மாற்றுவது, நின்றதை ஓட வைப்பது அவர் வேலை. கெட்டிக்காரர்தான், அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சோலைச்சாமி என்கிற கையாள் எண்ணெய் விடாமல் ஒரு மெஷினை ஓட விட்டுவிட்டான். "எண்ணெய் விடாம தானா ஓடுமாலே? ஒன் மாமனார் சீதனமா குடுத்த மெஷினா?" என்று அப்பா அவன் பிடரியில் ஒன்று வைத்தார். அந்தக் கதையை எங்கள் லைன் வீடுகளில் வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள்.

இதே மனிதர் மில் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் வேறு ஆள். மனிதன் கையால் ஆவது ஒன்றுமே இல்லை என்பார். யாருக்கு மோட்சம், யாருக்கு நரகம் என்பது உலகம் உண்டாகும் முன்பே முடிவாகிவிட்டது, எல்லாம் கிருபை, நம் பங்கு ஒன்றுமில்லை என்பார். யாரோ ஒரு பழைய உபதேசியார் கொடுத்த அட்டை கிழிந்த சின்னப் புத்தகத்திலிருந்து இதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. எங்கள் போதகரே ஒரு நாள், "தவசிமுத்து, அம்புட்டு ஆழத்துக்கு நான்கூடப் போறதில்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மாமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை. எழுபத்தெட்டில் அவர் எங்கள் சபையை விட்டுப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய், ஒரு தோட்டத்துக் கிணற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். குழந்தையில் தலையில் தெளித்த தண்ணீர் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் மனிதன் தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. கிருபையை நீட்டுவது ஆண்டவர், வாங்குவதும் வேண்டாம் என்பதும் அவனவன் சுயசித்தம். இப்படிப் பேசுகிற மனிதருக்கு டீ வேண்டுமா காப்பி வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. "என்ன இருக்கோ அதக் குடுங்க" என்பார். அவர் போடுகிற சட்டையை அத்தை எடுத்து வைக்க வேண்டும். தையல்காரர்!

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் ஆராதனை முடிந்ததும் டவுன் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சாப்பாடு ஒரு சாக்கு. இலையைப் போடும்போதே ஆரம்பித்துவிடும்.

"ஏலே, கெணத்துல செத்து மெதக்கவனுக்குக் கயிறு போட்டாப் புடிப்பானாலே?" என்பார் அப்பா. "பாவத்துல மனுஷன் பொணம். ஆண்டவரே எறங்கித்தான் தூக்கணும்."

"பொணம்னு யாரு சொன்னா, அத்தான்? முங்குதான், கைய ஆட்டுதான். கயிறு போடுறது அவரு வேல. புடிக்கது இவன் வேல."

"லாசரு பொணந்தான?"

"பொணந்தான். வெளிய வான்னு கூப்பிட்ட பொறவு நடந்து வந்தது யாரு காலு?"

பாவம் லாசரு, இயேசு சாவிலிருந்து எழுப்பிய ஆள். இரண்டு பேரும் அந்த மனிதரைக் கல்லறைக்கு உள்ளேயும் வெளியேயுமாக எட்டு வருடம் இழுத்தார்கள். அம்மா ஏசம்மாள் குழம்புச் சட்டியோடு நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் வாயாலயே வடை சுடுதாவ. கறிக்கு உப்பு போதுமான்னு கேட்டா மட்டும் பதில் வராது" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். மாமா அம்மாவுக்குத் தம்பி, அப்பாவைவிடப் பத்து வயது சிறியவர். அப்பாதான் அவரைத் தையல் பழக அனுப்பிவைத்தவர். அந்தப் பையனிடம் தோற்பதா என்று அப்பாவுக்கு. இத்தனை வயதாகியும் என்னைப் பையன் என்றே நினைக்கிறாரே என்று மாமாவுக்கு. இதற்குப் பெயர் வேத ஆராய்ச்சி.

எங்கள் சபையில் வருடப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு பித்தளைத் தட்டில் வசனம் அச்சடித்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடும்பத் தலைவர் ஒன்றை எடுப்பார். அதில் என்ன வசனம் இருக்கிறதோ அது அந்த வருடம் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டவர் சொல்வது. அட்டை எடுப்பதில் மனிதன் வேலை ஒன்றுமே இல்லை, கை சும்மா போகும், கிருபை தானாக வரும் என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்வார். எண்பத்திரண்டிலோ மூன்றிலோ அவர் கைக்கு ஒரு எச்சரிப்பு வசனம் வந்தது. பெருமைக்காரனை ஆண்டவர் எதிர்ப்பார் என்கிற மாதிரி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதைத் தட்டில் செருகி வேறொன்றை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் நான் பார்த்ததைப் பார்த்தார். வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

எண்பத்தாறில் வந்த அட்டை அவருக்கு வெல்லமாக இனித்தது. நீ சும்மா இரு, உனக்காக நான் போராடிக்கொள்கிறேன் என்று ஆண்டவர் சொல்கிற வசனம். "பாத்தியாட்டி, சும்மா இருன்னு போட்டுருக்கு" என்று என்னிடம் காட்டிவிட்டுத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் நான் பிளஸ் டூ முடித்தேன். எனக்கு டீச்சராக வேண்டும். வேறு ஆசையே இருந்ததில்லை. ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பேன். அவர்கள் முன்னால் நிற்கும்போது மட்டும்தான் என் குரல் எனக்கே பிடிக்கும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு எழுதிப் போட்டேன், பெயர் வந்துவிட்டது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குள் தகப்பனார் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும் என்று சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். கவரில் முகவரியை நானே எழுதினேன். "ஷிப்டுக்குப் போற வழியில தபாலாபீஸ்ல போட்டுருதேன்" என்று வாங்கிக்கொண்டார். பயிற்சிப் பள்ளிக்கு உடுத்திப் போக நான் இரண்டு வெள்ளைச் சேலைக்கு ஓரம் அடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் பாதி போய்விட்டது. ஒரு பதிலும் இல்லை. மகாராஜபுரத்திலிருந்து என்னோடு படித்த பரிபூரணம் வந்தாள். என்னைவிட நாற்பது மார்க் குறைவு அவளுக்கு. "நான் சேந்துட்டேன். ஒன்ன எங்க காணோம்?" என்றாள். மறுநாளே ஓடினேன். பயிற்சிப் பள்ளி ஆபீசில் இருந்தவர் பெரிய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சம்மதக் கடுதாசி வரலியேம்மா. கடைசித் தேதி வரைக்கும் பாத்தோம். பொறவு அடுத்த பிள்ளையக் கூப்பிட்டாச்சு" என்றார். அடுத்த வருடம் வயதும் விதியும் எப்படி மாறுமோ தெரியாது என்றார். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

தபால்காரர்மேல்தான் எனக்கு ஆத்திரம். அப்பாமேல் ஒரு துளி சந்தேகம் இல்லை, சத்தியமாக.

அன்று சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிப்பது என் முறை. அப்பாவின் புத்தகத்தைத் திறந்தேன். சும்மா இரு அட்டைக்குக் கீழே என் கவர் இருந்தது. என் கையெழுத்து. மூலையில் ஸ்டாம்புகூட ஒட்டியிருந்தது.

"படிம்மா" என்றார் அப்பா, கண்ணை மூடிக்கொண்டே. நான் படிக்கவில்லை. கண்ணைத் திறந்தார். கவரைப் பார்த்தார்.

"கிறிஸ்துராஜ் கேட்டான்" என்றார் மெதுவாக. "எல்லாம் முன்குறிச்சாச்சுன்னா எதுக்கு அத்தான் தபாலு, ஒரு கடுதாசியிலயா ஆண்டவரு சித்தம் தொங்குதுன்னான். போடாம இருந்து பாருங்கன்னான்."

"நீங்க?"

"குடுக்கணும்னு நெனச்சா தபால் இல்லாமலும் குடுப்பாருன்னு சொன்னேன்."

"அப்பா, அது என் சீட்டுப்பா."

"சித்தம் இல்லம்மா."

என் தலைக்கு ரத்தம் ஏறியது. "எண்ணெய் விடாம ஓடுமாலேன்னு சோலைச்சாமியப் பிடரியில அடிச்சியள்லா? அந்த மெஷினு ஓடணும்னு சித்தம் இருந்தா எண்ணெய் இல்லாமலும் ஓடும்னு விட்டிருக்கலாம்லா? மெஷினுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமாப்பா?"

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். அப்பா என் கையிலிருந்த வேதப்புத்தகத்தை வாங்கி மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, முதல் நாளிலிருந்தே. "நீங்களாவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மாமா?" என்று கேட்டேன்.

"நான் என்ன செய்ய, ஞானம்? முடிவு உங்கப்பா கையில. நான் நடுவுல புகுந்தா அவிய சுயசித்தத்துல கை வச்ச மாதிரில்லா ஆயிரும்? எந்த நிமிஷமும் எடுத்துப் போட்டிருக்கலாம். போடல. அதத்தான் நான் சொல்லுதேன், மனுஷன்தான் முடிவு பண்ணுதான்னு."

அவர் கையிலிருந்த டீ டம்ளரைப் பிடுங்கி வாசல் சாக்கடையில் ஊற்றினேன். ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்து சாப்பிட்டார்.

சுப்புராஜ் என்பவரின் பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபரேஷனுக்குப் போகிற காஸ் துணியை அளவாக வெட்டி, எட்டாக மடித்து, கட்டுக் கட்டாகப் பொட்டலம் போட வேண்டும். மூக்கெல்லாம் பஞ்சு. பக்கத்தில் மடிக்கிறவள் சண்முகத்தாய். புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் போகிறவள், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலை. என் கதையைக் கேட்டு, மடித்த துணியை அப்படியே கீழே வைத்தாள். "ஏட்டி, நாங்களும் பெருமாள் கூப்பிட்டாத்தான் மல ஏற முடியும்னு சொல்லுவோம். அதுக்காக வீட்டுக்குள்ள படுத்தா கெடக்கோம்? பஸ்ஸுக்குக் கை காட்டுதோம்லா?" என்றாள். அப்பாவின் கிழிந்த புத்தகத்திலும் மாமா கன்வென்ஷன் கூட்டங்களில் எழுதிவந்த நோட்டிலும் இல்லாத விஷயம் அவளுக்கு ஒரு பேண்டேஜை மடிக்கிற நேரத்தில் வந்துவிட்டது.

மறு வருடமும் எழுதிப் போட்டேன். விதி மாறிவிட்டது, பெயர் வரவில்லை. பொறுத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். பொறுக்கவில்லை. இன்றுவரை இல்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. நான் உதாரணமாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இலைக்கு முன்னால் லாசருவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு என்னை இழுக்க ஆரம்பித்தார்கள். "ஞானத்த எடுத்துக்க. அவளுக்கு டீச்சர் வேல முன்குறிக்கப்படல, அம்புட்டுதான்" என்பார் அப்பா. "ஞானத்தையே எடுத்துக்கோங்க அத்தான், நீங்க கவர் போட்டிருந்தா இன்னைக்கு எங்க இருப்பா?" என்பார் மாமா. நான் நடுவில் நின்று ரசம் ஊற்றுவேன். என்னைப் பார்த்துப் பேசினால்கூடப் பரவாயில்லை. ரசத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

தொண்ணூற்றொன்றில் எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போனேன். அடுத்த வருடம் அப்பா ஓய்வு பெற்றார். தொண்ணூற்று மூன்றில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் என் வீட்டிலிருந்துதான். கம்பெனிக்குப் போகும்போது ஒரு தூக்குவாளி, வரும்போது ஒன்று.

தொண்ணூற்றைந்தில் அவருக்குக் கண் மங்கியது. இரண்டு கண்ணிலும் புரை. வேதப்புத்தகம் வாசிக்க முடியவில்லை, மாமாவோடு வாதாட வசனம் எடுக்க முடியவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்குக் கூட்டிப்போனேன். ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும் என்றார்கள். ஒரு கார்டைக் கொடுத்து, விவரம் எழுதிப் பத்து நாளைக்குள் மதுரை ஆஸ்பத்திரிக்குத் தபாலில் அனுப்பினால் படுக்கை ஒதுக்குவோம், தவறினால் அடுத்த முகாம் எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். நான் எழுதினேன். அப்பா தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கார்டை நான் தபாலில் போடவில்லை. அவருடைய வேதப்புத்தகத்தில், அந்த வருடத்து வாக்குத்தத்த அட்டைக்குக் கீழே வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். யாரும் என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம்.

சோற்றைக் கொண்டு வைத்தால் முதல் கேள்வி, "கார்டு போட்டாச்சாம்மா?"

"வைக்க வேண்டிய எடத்துல வச்சிருக்கேன்."

சாயங்காலம், "போட்டுட்டியாம்மா? நாளு இருக்குலா?"

"சித்தம்னா போகும்பா."

முகம் சுருங்கிவிடும். மறுநாள் மறுபடியும் கேட்பார். உலகம் உண்டாகும் முன்பே எல்லாம் எழுதியாகிவிட்டது என்றவருக்கு ஒரு தபால் கார்டை நினைத்துத் தூக்கம் போனது. தெருவில் சைக்கிள் மணி கேட்டாலும் தபால்காரரா என்று எட்டிப் பார்த்தார். எனக்கு அது இனித்தது. ஒன்பது வருடமாக நான் சாப்பிடாத இனிப்பு.

எட்டாம் நாள் சாயங்காலம் தூக்குவாளியோடு போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் வேதப்புத்தகம், கையில் கார்டு. வாசிக்க முடியாவிட்டாலும் தினம் சாயங்காலம் புத்தகத்தை விரித்துத் தடவிக்கொண்டிருப்பது அவர் பழக்கம். அது எனக்குத் தெரியும்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"அன்னைக்கு ஒன் கவர எடுத்துட்டுத்தாம்மா போனேன்" என்றார்.

"என்னைக்கு?"

"தபால்ல போட வேண்டிய கடைசி நாளு. ஸ்டாம்பு ஒட்டி எடுத்துட்டுத் தபாலாபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டேன். மனசு கேக்கல. எதுத்த டீக்கடையில கிறிஸ்துராஜ் உக்காந்திருந்தான். தையல் கடைய அடைச்சுட்டு வந்துருக்கான், நான் போடுதனா இல்லியான்னு பாக்க. என்னயப் பாத்துச் சிரிச்சான்."

"அதுக்கு?"

"திரும்பி வந்துட்டேன்."

நான் தூக்குவாளியைக் கீழே வைத்தேன். ஒன்பது வருடமாக நான் யாரிடம் சண்டை போட்டேன்? ஆண்டவரிடம் போட்டேன். ஏன் எனக்குக் குறிக்கவில்லை என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஆண்டவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிருபையும் இல்லை, சுயசித்தமும் இல்லை. ஒரு டீக்கடை பெஞ்சில் ஒருத்தன் பல்லைக் காட்டினான், இன்னொருத்தனுக்கு ரோஷம் வந்தது. அதற்காக நான் இருபது லட்சம் தடவை காஸ் துணி மடித்திருப்பேன்.

"எந்திரிங்க" என்றேன்.

"எங்கம்மா?"

"தபால் பெட்டிக்கு. நீங்களே போடுங்க."

தெருமுனையில் பெட்டி. கையைப் பிடிக்காமல் அவர் பக்கத்தில் நடந்தேன், சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு சைக்கிள்காரன் திட்டிவிட்டுப் போனான். பெட்டியின் முன்னால் நின்று கார்டை நீட்டினார். வாய் அகப்படவில்லை. பூட்டில் முட்டியது, தகட்டில் முட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் முறைத்தார்கள். முறைக்கட்டும். இடது கையால் வாயைத் தேடிப் பிடித்து, வலது கையால் உள்ளே தள்ளினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"விழுந்துருச்சாம்மா?" என்றார்.

"ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றேன்.

அவர் முகம் அழுகிற பிள்ளை முகமாகிவிட்டது. பெட்டிமேல் காதை வைத்தார், என்னவோ கேட்டுவிடப் போகிற மாதிரி. கார்டு உள்ளே விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பி அவருக்குச் சோறு போட்டு, அவர் கை கழுவி முடிக்கும்வரை அதைச் சொல்லவில்லை.